நான்கு செம்பு வாஷர்கள்

"அழுத்துப்பா."

"அழுத்தியாச்சு."

"அப்படியே பிடிச்சுக்கோ."

"பிடிச்சிருக்கேன். நீ திற."

மகள், முன்சக்கரம் கழற்றி வைக்கப்பட்ட இடத்தில் சிமெண்ட் தரையில் மண்டியிட்டு, பிரேக்கின் சின்னத் திருகு ஒன்றை ஸ்பேனரால் கால் சுற்று திறந்தாள். பிரேக் ஆயில் பிளாஸ்டிக் குழாய் வழியாக இறங்கிப் பாட்டிலுக்குள் போனது. ஒரு காற்றுக் குமிழிகூட இல்லை. திருகை இறுக்கினாள்.

"விடு."

அப்பா பெடலிலிருந்து காலை எடுத்தார். மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்துவிட்டு மறுபடி மிதித்துப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"தலையணையை மிதிக்கிற மாதிரி இருக்கு."

பிரேக் ஆயிலில் காற்று அடைந்திருந்தால் பெடல் மெத்தென்று போகும், பிரேக் பிடிக்காது. அந்தக் காற்றை எடுக்கும் வேலை ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமையாக நடந்துகொண்டிருந்தது. அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். புதன்கிழமை காலை அவர் போய்விட்டார்.

அவர் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். தெருவில் அவர் பெயரே லிஃப்ட்காரர்தான். வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதுவார். மருந்து டப்பாவின் அட்டையைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் எழுதுவார். வேலை முடிந்ததும் சீட்டின் ஒரு மூலையைக் கிழித்துப் போடுவார். மூலை கிழியாத சீட்டு சட்டைப்பையில் இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கிழிந்த சீட்டுகள் எல்லாம் கார் ஷெட்டில் ஒரு ஆணியில் கொத்தாகக் குத்திக் கிடந்தன.

ஷெட் வீட்டை ஒட்டியது, தகரக்கூரை போட்டது. விளக்கின் சுவிட்ச் ஒரு பழைய லிஃப்டின் பொத்தான் பலகை. மூன்றாவது மாடியை அமுக்கினால் விளக்கு எரியும். பக்கச் சுவரில் லிஃப்ட் கூண்டிலிருந்து கழற்றிய ஒரு பெரிய கண்ணாடி. குனிய முடியாமல் போன பிறகு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே மகள் சக்கரத்தில் என்ன செய்கிறாள் என்று தெரிவதற்காக அதைச் சரித்து மாட்டச் சொன்னார்.

கார் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வெறும் கூடாக, கழற்றிய பாகங்கள் நிறைந்த எட்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தது. இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் சீட். அவருடைய வயதுக்கு இரண்டு வயது குறைவு. அதை அப்படியே பழையபடி வைத்துக்கொள்ளும் ஆசை அவருக்கு இல்லை. பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் பழைய டைனமோவைத் தூக்கிவிட்டுப் புது ஆல்டர்னேட்டர் வைத்தார். மழை பெய்தால் அடங்கிவிடும் பழைய இக்னிஷனை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினார். சீட் பெல்ட் போட்டார். பழைய கார்ப் பிரியர்கள் சிலர் வந்து பார்த்துவிட்டு, "அசல் போச்சே" என்று உச்சுக்கொட்டினார்கள். "அசலா இருந்தா ஷோகேஸ்ல வைக்கலாம். எனக்கு ரோட்டுல வைக்கணும்" என்றார் அப்பா.

அம்மா காருக்கு ரெண்டாந்தாரம் என்று பெயர் வைத்திருந்தாள்.

"ரெண்டாந்தாரமா இருந்தா ஒரு வேளை சமைச்சாவது போட்டிருக்கும்டி" என்பார் அப்பா.

"இது எண்ணெயைக் கக்கத்தான் லாயக்கு. தரையைத் துடைக்கிறது மூத்தவதானே."

அம்மா அந்தக் காரில் ஒரே ஒரு முறை ஏறியிருந்தாள். ஏழு வருடத்துக்கு முன்பு. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து இறங்கும் சரிவில் பழைய டிரம் பிரேக் சூடேறி, பாதி வழியில் பிடிப்பை விட்டது. அப்பா காரை ஓரச் சுவரில் உரசி உரசி நிறுத்தினார். அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது டாக்ஸியில் அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "நிக்கத் தெரியாத வண்டியில இனிமே நான் ஏற மாட்டேன்." அதற்குப் பின் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அவருக்கு அது முள்ளாகத் தைத்தது. வாழ்நாள் முழுவதும் நிறுத்துவதையே தொழிலாகச் செய்தவர். "லிஃப்ட்ல கரண்ட் போச்சுன்னா பிரேக் தானா பிடிச்சுக்கும். கார்ல நாம மிதிச்சாத்தான் பிடிக்கும். எவன் யோசிச்சானோ இதை" என்று மகளிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். முன்பக்கம் டிஸ்க் பிரேக் மாட்டுவது என்று அப்போதே முடிவு செய்தார். ஆனால் நாள் தள்ளிக்கொண்டே போனது. இந்த வருடம் டாக்டர், இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது, மாதக்கணக்கு வேண்டாம், வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டே கேட்டார். "வண்டி ஓட்டலாமா டாக்டர்?"

"வேகமா ஓட்டாதீங்க."

"நான் நிறுத்தத்தான் டாக்டர் பாக்கறேன்."

வீட்டுக்கு வந்து ஒரு புதிய சீட்டு எழுதினார். "டிஸ்க் பிரேக். அவளை ஏற்றிச் சரிவில் இறங்க." ஷெட்டில் பார்வைக்கு நேராக ஒட்டினார். அவருக்கு மிச்சமிருந்த ஒரே வேலை அதுதான். வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

மகள் பிரஷர் கேஜ்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஆய்வகத்தில் இன்ஜினியர். எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுவே உண்மை என்று பழகிய வேலை. வேறொரு மாடல் காரிலிருந்து கழற்றிய இரண்டு காலிப்பர்களை வாங்கிவந்தாள். டிஸ்க்கை இருபக்கமும் கவ்விப் பிடிக்கிற பாகம் காலிப்பர். முன்னால் ஸ்டியரிங் கம்பி தடுத்ததால், அவற்றை அச்சுக்குப் பின்பக்கம் பிடித்து நிறுத்தும் தகடுகளைத் தானே வரைந்து பட்டறையில் வெட்டி வாங்கினாள். அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது, எடை தூக்கக்கூடாது. அவளே மாட்டினாள்.

"மேல கீழ பாத்துப் போடும்மா" என்றார் அப்பா, ஸ்டூலில் உட்கார்ந்து.

"எழுத்தே பொறிச்சிருக்குப்பா. எல்னா இடது. ஆர்னா வலது."

"சரிங்க இன்ஜினியரம்மா."

மகள் சொல்லிவிட்டால் அவருக்கு அதற்கு மேல் பேச்சில்லை. அவள் படித்த படிப்பில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிறு. ஒவ்வொரு வாரமும் குமிழி நிற்கும்வரை ஆயில் விட்டார்கள்; ஒவ்வொரு வாரமும் பெடல் தலையணையாகவே இருந்தது. ஒரு வாரம் இணைப்புகளை எல்லாம் இறுக்கினாள். இன்னொரு வாரம் ஆயிலையே மாற்றினாள். மூன்றாவது வாரம் அவரால் இருபது மிதிதான் மிதிக்க முடிந்தது. ஐந்தாவது வாரம் எட்டு.

அந்த ஐந்தாவது ஞாயிறன்று, எட்டாவது மிதிக்குப் பிறகு, அப்பா சுவர்க் கண்ணாடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஸ்பேனரைத் தரையில் எறிந்தாள்.

"எல்லாம் சரியாத்தான்ப்பா மாட்டியிருக்கேன். எங்கேதான் காத்து இருக்குன்னே தெரியலை."

"போதும்மா. இன்னைக்கு இது போதும்."

"நான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன்."

"நீ பண்ணினதுல தப்பு இருக்காது" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. அவர் களைத்துப்போய்த்தான் அப்படிச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள்.

இறந்தபின் பதினாறு நாள் ஆயிற்று. வந்தவர்கள் போய்விட்டார்கள். மகள் விடுப்பு எடுத்திருந்தாள். தினமும் காலையில் எழுந்ததும் ஷெட்டுக்குப் போனாள். மூன்றாம் மாடியை அமுக்கினாள். பெடலுக்கடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி ரப்பர்களை மாற்றினாள். ஒரு மரக்கட்டையால் பெடலை முட்டுக்கொடுத்து, ஓடிவந்து திருகைத் திறந்து, மூடி, மறுபடி ஓடினாள். நான்கு பாட்டில் ஆயில் போனது. அதைச் சரிசெய்தால் இனி யாருக்கு என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. விட்டால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது.

பதினேழாம் நாள் காலை பத்தரைக்கு அம்மா ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"ஒத்தை ஆளா ஏன்டி ஓடற? ஒருத்தர் மிதிக்கணும், அவ்வளவுதானே?"

"நீ ஏற மாட்டியேம்மா."

"நிக்கிற வண்டிதானே. ஏறலாம்."

அவள் கதவைத் திறந்து, கைப்பிடியைப் பற்றி, அந்தத் தாழ்ந்த சீட்டில் மெல்ல இறங்கினாள். ஏழு வருடத்துக்குப் பிறகு. அப்பாவின் முதுகு பள்ளம் பறித்து வைத்திருந்த இடம்.

"மிதிம்மா."

"மிதிச்சுட்டேன்."

"பிடிச்சுக்கோ."

ஆயில் இறங்கியது. குமிழி இல்லை. திருகை மூடினாள்.

"விடு. மறுபடி மிதிச்சுப் பாரு."

"இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையேடி. பொத்துனு போகுது."

மகள் சக்கரக் குழிக்குள் தலையை வைத்து அழுதாள். சத்தம் வராமல்தான் அழப் பார்த்தாள். அது முடியவில்லை. அம்மா இறங்கி வரவில்லை. சீட்டில் இருந்தபடியே, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்.

"என்னமோ ஒரு சாமான் வாங்கினா சரியாயிடும்னாரு."

மகள் தலையைத் தூக்கினாள். "எப்போ?"

"புதன்கிழமை. நீ ஆபீஸ் கிளம்பினதும் கடைக்குப் போகணும்னு சட்டையை மாத்தினாரு. ஞாயித்துக்கிழமை நல்ல செருப்பா போட்டுக்கோ, வெளியே போறோம்னாரு. எதுலன்னு கேட்டேன். கேக்காதேன்னாரு."

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"அவகிட்ட சொல்லாதே, அவ வரதுக்குள்ள நானே முடிச்சிடறேன்னாரு. உங்களால முடியுமான்னு கேட்டேன். லிஃப்ட் மோட்டாரையே தூக்கினவன்டி நான்னு சொல்லிட்டுப் பட்டன் போட ஆரம்பிச்சாரு. மூணு போட்டாரு. நாலாவதுக்குக் கை போகலை. கட்டில்லயே உக்காந்துட்டாரு." அம்மா ஸ்டியரிங்கைத் துடைத்தாள், அதில் தூசி இல்லாவிட்டாலும். "அதுக்கப்புறமும் நீ கேக்கலை. கார்ப் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடற."

"என்ன சாமான்?"

"சீட்டு சட்டைப்பையில இருக்கும். சட்டையை நான் துவைக்கலை."

மகள் உள்ளே ஓடி, அலமாரியில் மடிக்காமல் தொங்கிய சட்டையிலிருந்து சீட்டை எடுத்துவந்தாள். மருந்து டப்பா அட்டை. கையெழுத்து நடுங்கியிருந்தது. ஒரே வரி: "செம்பு வாஷர் 4."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. பிரேக் குழாய் காலிப்பரில் சேரும் இடத்தில், ஆயில் கசியாமல் இருக்க, பக்கத்துக்கு இரண்டு செம்பு வாஷர் போடுவார்கள். ஒரு முறை நசுங்கியது மறுமுறை ஆகாது. குழாயைக் கழற்றினால்தான் புதிது வேண்டும். நான்கு என்றால் இரண்டு பக்கமும். இரண்டு காலிப்பரையும் எதற்குக் கழற்ற வேண்டும்?

"கொஞ்சம் இறங்கும்மா."

அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தாள். அப்பா உட்கார்ந்த மாதிரி. பக்கச் சுவர்க் கண்ணாடியில் முன்சக்கரத்தின் இடம் முழுதாகத் தெரிந்தது. இத்தனை நாளும் மண்டியிட்டுக் கையால் தடவித் திறந்த அந்தச் சின்னத் திருகு காலிப்பரின் அடியில் இருந்தது. காற்று மேலே நிற்கும். திருகு மேலே இருந்தால்தான் வெளியே வரும். இது பள்ளிக்கூடப் பாடம். அந்தக் காலிப்பர்கள் பழைய காரில் அச்சுக்கு முன்னால் இருந்தவை. அவள்தான் தகடு வரைந்து பின்னால் கொண்டுவந்தாள். பின்னால் போனதும் எல்லாம் தலைகீழ். இடதை வலதில், வலதை இடதில் போட்டிருக்க வேண்டும். அவள் எழுத்தைப் பார்த்து மாட்டினாள்.

ஐந்து ஞாயிறும் காற்று உள்ளேயே இருந்திருக்கிறது. முதல் ஞாயிறே மாற்றியிருந்தால் அவர் அம்மாவை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கியிருப்பார். அப்போது அவரால் முடிந்தது.

"நான்தாம்மா தப்பா மாட்டிட்டேன்" என்றாள். "அவர் பாத்துட்டாரு. சொல்லலை."

அம்மா கண்ணாடியைப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒரு சக்கரத்தின் இடமும் இரும்பும்தான் தெரிந்திருக்கும். மகளின் தோளில் கையை வைத்தாள். முறிந்து சேர்ந்த கை. அழுத்தமில்லாமல் அங்கேயே இருந்தது.

"கடை இப்போ திறந்திருக்குமா?"

மணி பதினொன்றுகூட ஆகவில்லை. கடை தெருக்கோடியில்தான். மகளின் கையில் இருந்த சீட்டின் நான்கு மூலைகளும் முழுதாக இருந்தன.