கணினி பேசாமல் இருந்த மதியம்

எனக்குக் கண் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு மடிக்கணினியில் ஓ.எஸ். என்கிற இயங்குதளத்தை மாற்றுவதற்கு ஒருத்தி ஏன் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள் என்பது உங்களுக்குப் புரியாது.

திண்டுக்கல்லில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். என் மடிக்கணினி எனக்குப் பேசும். திரையில் இருப்பதையெல்லாம் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அதில் இருக்கிறது. இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து ஒரு ஆள் அவசரமாகப் பேசுகிற மாதிரி இருக்கும். நான் வைத்திருக்கும் வேகத்தில் என் கணவருக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. "இது தமிழா தெலுங்கா டீச்சர்?" என்பார். அவர் என்னை வீட்டிலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு, மின்னஞ்சலில் வரும் கடிதம், போகும் கடிதம் எல்லாம் அந்தக் குரல் வழியாகத்தான் எனக்கு. என் போன் பழைய பொத்தான் போன், பேச மட்டும்தான் ஆகும்.

அந்தக் குரலே ஒருநாள் எச்சரிக்க ஆரம்பித்தது. இந்தப் பதிப்புக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது, புதியதற்கு மாறுங்கள் என்றது. மூடிவிட்டேன். மறுநாளும் வந்தது. பானிப்பட்டுப் போருக்குக் காரணங்கள் என்ன என்று வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தால், பாபருக்கும் லோடிக்கும் நடுவே புகுந்து மாறுங்கள் என்னும். நானும் பிடிவாதக்காரி. இரண்டு மாதம் மூடிக்கொண்டே இருந்தேன்.

கணினிக் கடைக்காரரிடம் கேட்டதற்கு, "குடுத்துட்டுப் போங்க டீச்சர். செத்த நேர வேலை. சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது.

சூடு பட்டது இரண்டு வருடத்துக்கு முன்னால். விசைப்பலகையில் நான்கு பொத்தான்கள் வேலை செய்யவில்லை என்று இதே கடையில் கொடுத்திருந்தோம். திரும்ப வாங்கப் போனபோது கடைக்காரர் குரலில் அப்படி ஒரு பெருமை. "டீச்சர், உள்ள ஒரு வைரஸு இருந்துச்சு. எங்க தொட்டாலும் தொணதொணன்னு பேசுது. கண்ணு தெரியாதவங்க கம்ப்யூட்டர்லகூட வெளையாடியிருக்கான் பாருங்க. புடிச்சு வேரோட எடுத்துட்டேன். அதுக்குக் காசு வேணாம்" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவ்வளவு நல்ல மனுஷன். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒரு முனகல்கூட இல்லை. அப்போது சிரிப்பு வரவில்லை.

குரலைத் திரும்பப் போட்டுத் தர வத்தலக்குண்டிலிருந்து என் நண்பர் வர வேண்டியிருந்தது. கல்லூரியில் பாடம் நடத்துகிறார், என்னைவிட இளையவர், அவருக்கும் பார்வை கிடையாது. அந்த வாரம் அவருக்குத் தேர்வு வேலை. ஐந்து நாள் கழித்துத்தான் வர முடிந்தது. அந்த ஐந்து நாளும் என் கடிதங்களை என் கணவர்தான் படித்துச் சொன்னார்.

அவர் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். விடிவதற்கு முன்னால் போனால் மதியம் இரண்டு மணிக்குத்தான் வருவார். வந்த களைப்போடு கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு கடிதமாகச் சொல்வார். பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை, வங்கியிலிருந்து ஒன்று. "வேற?" என்று கேட்பேன். "வேற ஒண்ணுமில்ல, எல்லாம் விளம்பரம்" என்பார்.

ஆறாம் நாள் குரல் வந்ததும் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு முறை கேட்டேன். நடுவில் சென்னையிலிருந்து ஒரு கடிதம். பார்வையற்ற பிள்ளைகளுக்காக வரலாற்றுப் பாடநூல்களை ஒலிநூலாக்கும் சிறு குழு. கேட்டுப் பிழை திருத்த என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பதினைந்து நாள் அங்கேயே தங்க வேண்டும், சம்மதத்தைக் குறித்த தேதிக்குள் சொல்ல வேண்டும். தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் படிக்காத கடிதம், ஏற்கெனவே திறந்து படித்த கடிதங்களோடு சேர்ந்து கிடந்தது.

கேட்டேன். என் கணவர் பொய் சொல்லவில்லை. "தனியா அம்புட்டுத் தூரம் எப்படிப் போவ? சொன்னா நீ போயே தீருவ. அதான் சொல்லல" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நன்றாகச் சண்டை போட்டு முடித்திருக்கலாம். சாலையைக் கடக்கும்போது என் முழங்கையை அவர் பிடிப்பதில்லை, நான் பிடித்துக்கொள்ளத் தன் முழங்கையைத்தான் நீட்டுவார். அப்படிப்பட்ட மனுஷன் என் கடிதத்தை எனக்கு முன்னால் படித்து, என் பதிலையும் தானே முடிவு செய்திருக்கிறார். நான்கு நாள் அவரோடு பேசவில்லை. சாப்பாடு போட்டேன், பேசவில்லை. சென்னைக்கு, தாமதத்துக்கு வருந்தி ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த முறை கூப்பிடுகிறோம் என்று பதில் வந்தது. அப்படிச் சொல்பவர்கள் கூப்பிடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கூப்பிட்டார்கள். போன மாதம், இரண்டாவது கடிதத்தை என் காதாலேயே கேட்டேன். அதே வேலை, அதே பதினைந்து நாள், அந்த வாரத்துக்குள் பதில். கூடவே ஒரு நிபந்தனை. அவரவர் மடிக்கணினியைக் கொண்டுவர வேண்டும், தாங்கள் கொடுக்கும் மென்பொருள் புதிய ஓ.எஸ்ஸில் மட்டும்தான் ஓடும்.

இனி எச்சரிக்கையை மூடி மூடித் தள்ளிப்போட முடியாது. மாற்றினால் குரல் போனாலும் போகலாம். மாற்றாவிட்டால் சென்னை போய்விடும்.

வத்தலக்குண்டு நண்பருக்குப் போன் போட்டேன். "அக்கா, நானே இன்னும் மாத்தல. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேருக்கு மாத்துனப்பறம் குரலே வரல. ஒருத்தரு ஒரு வாரம் அல்லாடுனாரு" என்றார். பிறகு, "நடுவுல அது தானா அணைஞ்சு தானா எந்திரிக்கும். அம்புட்டு நேரமும் குரல் இருக்காது. ஒரு மணி நேரமும் ஆகலாம், மூணு மணி நேரமும் ஆகலாம். சத்தம் இல்லையேன்னு பவர் பட்டனை அமுக்கிறாதீங்க, மொத்தமும் போயிரும். பக்கத்துல கண்ணு தெரிஞ்ச ஆளு ஒருத்தரை வச்சுக்கங்க" என்றார்.

கண் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறார். அவரை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் வைராக்கியம். வைராக்கியம் என்ன, கோபம்தான். இரண்டு வருடம் ஆகியும் ஆறவில்லை. கடையிலும் கொடுக்கப்போவதில்லை, அவரிடமும் கேட்கப்போவதில்லை, நானே மாற்றுவேன் என்று அன்று மாலையே முடிவு செய்தேன்.

முடிவு செய்த பிறகு பயம் குறைந்தது, வேலை கூடியது. பாடக் குறிப்புகளை இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தேன். பேசும் மென்பொருளை மூன்றாவதில் தனியாக வைத்தேன். எந்த நேரத்தில் எந்தப் பொத்தான்களைச் சேர்த்து அமுக்க வேண்டும் என்று நண்பர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் ஆண்டுகளை மனப்பாடம் செய்வதுபோல ஒப்பித்தேன். சனிக்கிழமை மாதாந்திர மின்தடை இல்லை என்று பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டேன். பதிவிறக்கத்தை வெள்ளிக்கிழமையே முடித்தேன். சனிக்கிழமை அவர் மார்க்கெட்டுக்குப் போன பிறகு வீட்டைப் பெருக்கி, சோறு வடித்து, பத்து மணிக்கு உட்கார்ந்து எண்டரைத் தட்டினேன்.

குரல் சதவீதம் சொல்லிக்கொண்டே போனது. மறுதொடக்கம் என்று சொல்ல ஆரம்பித்து, பாதி வார்த்தையில் நின்றுவிட்டது.

அதன் பிறகு உள்ளே இருக்கும் காற்றாடியின் சத்தம் மட்டும்தான். ஒரு கையை மடிக்கணினியின் ஓரத்தில் வைத்துக்கொண்டே அவரைக்காய் நறுக்கினேன். சூடு இருந்தது. சூடு இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். காற்றாடி நிற்கும், மறுபடி சுற்றும். கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. அவரைக்காய் முடிந்து வெங்காயம் உரித்தேன், பூண்டு உரித்தேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஒரு வெஞ்சனத்துக்கு அவ்வளவு பூண்டு தேவையே இல்லை.

ஒரு மணிக்குக் காற்றாடி நின்றது. மறுபடி சுற்றவில்லை. சூடு ஆறிக்கொண்டே வந்தது. அரை மணி நேரம் பொறுத்து, மனப்பாடம் செய்த பொத்தான்களை அமுக்கினேன். சத்தம் இல்லை. மூன்றாவது பென் டிரைவைச் செருகி, அதற்குரிய பொத்தான்களை அமுக்கினேன். அப்போதும் இல்லை. நண்பருக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. முடிந்துவிட்டதா, செத்துவிட்டதா, ஏதாவது கேட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பவர் பொத்தானின் மேல் விரலை வைத்து வைத்து எடுத்தேன். நன்றாகப் பயந்துவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த ஒன்றை என் வீம்பால் நானே கெடுத்துக்கொண்டேனே என்று அழுகை வந்தது.

இரண்டு மணிக்கு அவர் வண்டிச் சத்தம் கேட்டது. செவ்வந்தி வாசத்தோடு உள்ளே வந்தவர் என் பின்னால் நின்றார்.

"என்ன டீச்சர், சாப்பிடலையா?"

என்ன செய்திருக்கிறேன் என்று சொன்னேன். எதற்காக என்றும் சொன்னேன். சென்னை என்ற சொல் வந்ததும் அவர் வண்டிச் சாவியை மேசையில் வைத்தார்.

வத்தலக்குண்டு நண்பர் நேரில் வரும்வரை இன்னும் ஒரு வாரம் காத்திருக்கலாம். அதற்குள் தேதி போய்விடும். என் கோபத்தைக் காப்பாற்றிக்கொண்டு சென்னையை விடுவதா என்று யோசித்தேன். அதற்கு நான் தயாராக இல்லை.

"திரையில என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஏதோ பாஸ்வேர்டு கேக்குது."

"ஏதோவெல்லாம் வேணாம். மேலருந்து கீழ வரைக்கும் என்னென்ன இருக்கோ அம்புட்டையும் சொல்லுங்க. நீங்களா ஒண்ணையும் விடக் கூடாது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடிக் கூடு திறக்கும் சத்தம் கேட்டது. மணி என்ன காட்டுகிறது, என்ன கிழமை, என் பெயர், அதன் கீழே கட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கடவுச்சொல்லை அடித்தேன். திறந்துவிட்டது என்றார். மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார். இங்கிலீஷ் வார்த்தைகளில் தடுக்கினால் எழுத்துக்கூட்டிச் சொன்னார். நடுவில் நிறுத்தி, "அன்னைக்கும் இப்படிப் படிச்சிருக்கணும்" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார்.

"கீழ வலது மூலையில சின்னச் சின்னதா படம் இருக்கு. இதையும் சொல்லணுமா?"

"சொல்லுங்க."

"ஒரு பேட்டரி. அதுக்குப் பக்கத்துல ஒரு ஸ்பீக்கரு. ஸ்பீக்கரு மேல பெருக்கல் குறி மாதிரி போட்டிருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரல் செத்துப்போகவில்லை. அது பாட்டுக்குப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. புதிய ஓ.எஸ்ஸுக்குப் பழைய ஸ்பீக்கரை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். யு.எஸ்.பி.யில் செருகும் ஹெட்போனுக்கு இந்த ஸ்பீக்கரின் தயவு வேண்டாம், அது தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆன்லைன் வகுப்புக் காலத்தில் வாங்கியது ஒன்று பீரோவில் கிடந்தது. எடுத்து வந்து செருகிக் காதில் மாட்டினேன். இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு அதே தகர டப்பா ஆள், அதே அவசரத்தோடு பேசினார். நான் மேசையில் கவிழ்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

"வந்துருச்சா?" என்றார் அவர். தலையாட்டினேன்.

கடிதத்தைத் திறந்தேன். நான் வேலை செய்யும்போது, பின்னாலிருந்து யாரும் படிக்காதபடி திரையை இருட்டாக்கிவிடுவது வழக்கம். அன்றும் விரல் தானாகவே அந்தப் பொத்தான்களுக்குப் போனது. "அய்யய்யோ, இருட்டாயிருச்சே" என்று பதறினார். "நாந்தான் அணைச்சேன், பயப்படாதீங்க" என்றேன். பத்து நிமிடம் அடித்தேன், இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்தேன், அனுப்பினேன். அதுவரை அவர் எழுந்து போகவும் இல்லை, என்னவென்று கேட்கவும் இல்லை.

அனுப்பிய பிறகு ஹெட்போனைக் கழற்றாமல், கடிதத்தை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அவருக்குச் சொன்னேன். வேலை என்ன, எத்தனை நாள், எங்கே தங்க வேண்டும் எல்லாம். பிறகு என் பதிலையும் அதேபோலச் சொன்னேன். வருகிறேன், தனியாக வருகிறேன் என்று அதில் எழுதியிருந்தேன். ஒரு வரியையும் விடவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டு மூடினார்.

"கடையைத் தம்பிகிட்ட விட்டுட்டு நானும் தொணைக்கு வாரேனே" என்றார்.

"ஸ்டேஷன் வரைக்கும் வாங்க" என்றேன். "வண்டி கெளம்பறதுக்கு முன்னாடி எறங்கிருங்க."