செம்மநத்தம் ரோட்டுக்கு ஒரு பேண்ட்

என் மனைவி பிசியோதெரபிஸ்ட். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய், கை காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. ஏற்காட்டிலிருந்து நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம் என்று வாரத்தில் ஐந்து நாள் பைக்கில் சுற்றுகிறாள். ஸ்கூட்டர் இல்லை, கியர் வண்டி. கல்யாணமான புதிதில் அது என் வண்டியாகத்தான் இருந்தது. இரண்டே மாதத்தில் சாவி அவள் கைப்பைக்குப் போய்விட்டது. இப்போது நான் எஸ்டேட் ஜீப்புக்காகக் காலையில் ரோட்டோரம் நிற்கிறேன்.

நான் காபி எஸ்டேட்டில் ரைட்டர். யார் எந்தக் காட்டுக்குப் போக வேண்டும், யார் வரவில்லை என்று பார்த்து நாள் முழுக்கக் கத்துகிற உத்தியோகம். கத்திக் கத்தி அதுவே சுபாவமாகிவிட்டது. வீட்டிலும் குழம்பில் உப்பு குறைந்தால் கத்துவேன், செருப்பு இடம் மாறியிருந்தால் கத்துவேன். அவள் அசைய மாட்டாள். "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். ஆரம்பத்தில் அதற்கும் சேர்த்துக் கத்தினேன். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

போன மழைக்காலத்தில் செம்மநத்தம் இறக்கத்தில் ஒரு வளைவில் விழுந்துவிட்டாள். சில்வர் ஓக் மரத்து இலை நனைந்து கிடந்தால் அந்த ரோடு எப்படி வழுக்கும் என்று இங்கே வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். தலையில் ஹெல்மெட் இருந்தது, கையுறை இருந்தது, மேலே கெட்டியான ஜாக்கெட் இருந்தது. இடுப்புக்குக் கீழே வெறும் பருத்திச் சுடிதார். வலது முட்டி ரோட்டில் தேய்ந்துகொண்டே போயிருக்கிறது. அந்த நிலையிலும் வண்டியை நிமிர்த்தி, அவளே ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

நான் போய்ப் பார்க்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து, சின்ன இடுக்கியால் முட்டியிலிருந்து பொடிக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிகிறது, கை மட்டும் நடுங்கவில்லை. பயம் வந்தால் எனக்கு அழத் தெரியாது, கத்தத்தான் தெரியும். நாளைக்கே வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடு, சேலத்தில் ஏதாவது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த இடத்தில் வேலை பார், இனி இந்த வண்டியைத் தொட்டால் நடக்கிறதே வேறு என்று தாம்தூம் என்று குதித்தேன். அவள் டெட்டால் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"செம்மநத்தத்துல ஒருத்தர் இப்பத்தானுங்க காலைத் தொங்கப் போட்டுக் கட்டில்ல உக்கார்றாரு. நான் போகலீன்னா அந்த முட்டி இறுகிப் போயிருமுங்க" என்றாள்.

அந்த ஆளை எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். பக்கத்து எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவர். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக்கில் ஏணி சாத்தி ஏறி, மேலேயிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. சேலத்தில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்து அனுப்பினார்கள். எலும்பு கூடிக்கொண்டிருந்தது. ஆனால் மாதக்கணக்கில் நீட்டியே கிடந்ததில் முட்டி மரக்கட்டையாகிவிட்டது. அவள் போய்ப் போய் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி, நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றுகிற அளவுக்குக் கொண்டு வந்திருந்தாள். தொண்ணூறு டிகிரி வந்துவிட்டது என்று சொன்ன அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினாள்.

காயம் ஆற ஒரு வாரம் ஆனது. அதற்குள் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. காலுக்குப் பாதுகாப்பாக, பைக் ஓட்டுகிறவர்கள் போடுகிற பேண்ட் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. அவள் உடனே ஒத்துக்கொண்டாள். முட்டியைப் பற்றித் தனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றும் சிரித்தாள். நானே வாங்கி வருகிறேன் என்று சொல்லி, லீவு கிடைக்கவில்லை என்று இரண்டு வாரம் கடத்திவிட்டுத்தான் சேலத்துக்கு பஸ் ஏறினேன்.

இப்போது ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர். தினசரி ஓட்டுவதற்கா என்று கேட்டுவிட்டு, உள்ளே கெட்டித் துணி வைத்துத் தைத்த ஜீன்ஸ் ஒன்றையும், இலேசான இன்னொன்றையும் எடுத்துப் போட்டார். என் கண் அதிலெல்லாம் நிற்கவில்லை. மேலே தொங்கிக்கொண்டிருந்த, லடாக் வரைக்கும் போகிறவர்கள் போடுகிற ஆண்பிள்ளை பேண்ட் ஒன்றைக் காட்டினேன். தார்ப்பாய் மாதிரித் துணி. முட்டி, முழங்கால் கீழ், இடுப்பு எல்லா இடத்திலும் கெட்டிப் பிளாஸ்டிக். தூக்கிப் பார்த்தாலே கை வலித்தது. வீட்டுக்காரிக்கு என்றால் அளவு சரியாக வராதே சார் என்று அவர் தயங்கினார். பரவாயில்லை, கட்டுங்கள் என்றேன். இதை மாட்டினால் நாலே நாளில் வெறுத்துப்போய், தானாகவே பைக்கை ஓரம் கட்டிவிடுவாள் என்று எனக்குள் ஒரு கள்ள யோசனை.

அதோடும் விடவில்லை. முதலில் கிட்டத்து ஊர்களுக்குப் போட்டுப் பழகு, செம்மநத்தம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று இன்னொரு கண்டிஷனும் போட்டேன். நன்றாகப் பழகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். அதற்கும் தலையாட்டினாள். நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

பேண்டைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் போனாள், ஒரு நாள் நாகலூர், ஒரு நாள் வாழவந்தி. அவள் வேலை ரோட்டோடு முடிவதில்லை. போகிற வீட்டில் தரையில் சம்மணம் போட வேண்டும், மண்டியிட வேண்டும், நோயாளியின் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கட்டிலே பாதிப்பேருக்குக் கிடையாது, பாய்தான். அந்தப் பேண்டில் உட்கார்ந்தால் முட்டிப் பிளாஸ்டிக் தொடைக்கு ஏறுகிறது, இடுப்புப் பிளாஸ்டிக் விலாவில் குத்துகிறது. அடுத்தவர் வீட்டில் போய்ப் பேண்டைக் கழற்றவா முடியும்? இரண்டு நாளும் நின்றபடியே குனிந்து வேலை செய்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அதை மடித்து என் முன்னால் வைத்தாள். கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"ஏனுங்க, இது நான் வண்டி ஓட்டறதுக்கு வாங்குனதுங்களா, நிறுத்தறதுக்கு வாங்குனதுங்களா?"

ஊரையே கத்தி மேய்க்கிறவன், காபி ஆறிப்போய்விட்டது என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு அவள் என்னையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனாள். அன்றைக்கு அவள் பேண்ட் பார்த்த அழகை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மற்றவர்கள் கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். இவள் கண்ணாடிப் பக்கமே போகவில்லை. ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி, பைக்கில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து கால்களை மடக்கினாள். "நின்னு பார்த்தா எல்லாமே சரியாத்தானுங்க இருக்கும். வண்டியில யாருங்க நின்னுட்டுப் போறாங்க?" என்றாள்.

உட்கார்ந்தபடி ஒவ்வொரு பேண்டிலும் முட்டிக்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கையால் பிடித்துத் திருகினாள். கைக்கே நகர்கிற கிண்ணம் ரோட்டில் தேயும்போது எங்கே நிற்கும் என்று அவள் கேட்டதும், இருபது வருஷம் வண்டி ஓட்டிய எனக்கு வெட்கமாகிவிட்டது. கிண்ணத்தை மேலே கீழே நகர்த்தி வைக்க உள்ளே இரண்டு மூன்று இடத்தில் ஒட்டுப்பட்டை இருக்கிறதா, முட்டிக்குக் கீழே இறுக்கிக் கட்ட வார் இருக்கிறதா என்று பார்த்தாள். விழுந்தால் முதலில் தேய்கிற இடுப்பு ஓரத்திலும் பின்பக்கத்திலும் துணி இரட்டையாக இருக்கிறதா என்று விரலால் தடவினாள். வலது கால் உள்பக்கம் சைலன்சர் சூட்டுக்கு வேறு துணி வைத்திருக்கிறார்களா என்று திருப்பிப் பார்த்தாள். ஜீன்ஸ் மாதிரி இருந்த பேண்ட் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் மலையில் ஒருதரம் நனைந்தால் இரண்டு நாள் காயாது என்று வைத்துவிட்டாள்.

கடைசியில் எடுத்தது, உடுத்திய உடைக்கு மேலே போடுகிற ஒரு பேண்ட். பெண்களுக்கென்றே வெட்டித் தைத்தது. இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஜிப். ஷூவைக்கூடக் கழற்றாமல் போடலாம், எடுக்கலாம். அந்தக் கடை நடுவில் அதைப் போட்டு, மண்டியிட்டு, எழுந்து, சரக்கென்று இரண்டு ஜிப்பையும் இழுத்துக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அங்கிருந்த நாலு பேரும் பார்த்தார்கள். இவள் என் பெண்டாட்டி என்று அவர்களிடம் சொல்ல வேண்டும்போல எனக்கு வாய் துறுதுறுத்தது.

மறுநாள் செம்மநத்தம். நான் லீவு போட்டுவிட்டு அவள் பின்னால் ஏறிக்கொண்டேன். துணைக்கு என்றுதான் சொன்னேன். வேவு பார்க்க என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் ஓட்டிப் பின்னால் உட்காருவது அதுதான் எனக்கு முதல் தடவை. இறக்கத்துக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு, வளைவில் எதிரே வருகிற பஸ்ஸுக்கு இடம் விட்டு, அவ்வளவு நிதானமாக ஓட்டினாள். என் சாதாரணப் பேண்டில் முட்டி இரண்டும் குளிரில் விறைத்தன. ரோட்டுக்கும் அந்த முட்டிக்கும் நடுவில் ஒரு துணி மட்டும்தான் இருக்கிறது என்பது பின்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. இத்தனை நாள் இவள் இதோடுதான் போய் வந்திருக்கிறாள்.

அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய மூச்சிலேயே பேண்டைக் கழற்றி சீட்டின் மேல் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். கட்டிலில் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். எழுந்து கும்பிடப் பார்த்தார், அவள் தடுத்துவிட்டாள். முட்டியை மெதுவாக மடக்கிப் பார்த்து, கோணம் பார்க்கிற பிளாஸ்டிக் அளவுகோலை வைத்தாள். எழுபதுதான் காட்டியது. மறுபடி வைத்தாள். அதேதான். அவள் முகம் விழுந்துவிட்டது. முட்டியிலிருந்து கல்லைப் பிடுங்கியபோதுகூட நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் விழுந்து அன்றைக்கு நான்கு வாரம் ஆகியிருந்தது. அதில் ஒரு வாரம் காயத்துக்குப் போனது. மிச்ச மூன்று வாரமும் நான் தின்றது. அந்த இருபது டிகிரியும் என்னால் போனது. அது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தேன்.

நான்கு வாரம் வர முடியவில்லை, அதனால் இறுகிவிட்டது, திரும்பக் கொண்டு வந்துவிடலாம் என்று அவரிடம் சொன்னாள். யார் தலையிலும் பழி போடவில்லை. தரையில் மண்டியிட்டு அவர் காலைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு மடக்க ஆரம்பித்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்தார். நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டபோது என் பக்கம் திரும்பினார்.

"ரைட்டருங்களா? நீங்க நொம்ப நல்லா இருக்கோணுமுங்க. வேற ஊட்டுக்காரரா இருந்தா, அம்மா விழுந்தப்புறம் இந்த ரோட்டுக்கு அனுப்பியிருப்பாங்களா?" என்று இரண்டு கையையும் கூப்பினார்.

அந்தக் கும்பிடு என்மேல் சூடு போட்ட மாதிரி விழுந்தது. வாங்கிக்கொண்டு சும்மா நின்றிருக்கலாம். முடியவில்லை.

"நான் அனுப்பலீங்க" என்றேன். "நிறுத்தத்தான் பார்த்தேன். முதல்ல வாங்குன பேண்டும் அதுக்குத்தான். அவளா வந்திருக்கா."

அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையைத் தூக்கவே இல்லை.

"தெரிஞ்சுதானுங்க ரெண்டு நாள் அதைப் போட்டுட்டுப் போனேன்" என்றாள். "உங்க பயம் எனக்குத் தெரியாதுங்களா? சரி, இந்தக் காலைக் கொஞ்சம் வந்து புடிங்க."

நான் அவள் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு, அந்தக் காலைப் பிடித்தேன்.