ஜெசீகாவின் 'டிக்' சத்தம்

தட்டச்சுச் சான்றிதழையும் பதுளையில் ஒரு வேலையையும், தொடுவுணர்வே இல்லாத வலக்கையோடு வென்றவள் றீட்டாவின் தங்கை ஜெசீகா. லுணுகலைத் தேயிலைத் தொழிற்சாலையில் உருளை நசுக்கிய கை அது. கணினி வகுப்பின் பழைய விசைப்பலகையில், ஒவ்வொரு விசைக்குள்ளும் சுருள்கம்பியோடு மெல்லிய தகடொன்று இருந்தது. எழுத்து விழும்போது அது 'டிக்' என்னும். அதைக் கேட்டே அவள் தட்டினாள்.

பரீட்சையன்று தகடுகளை ஆசிரியை சுலோஜனா கழற்றியிருந்தார்.

"உந்தச் சத்தத்தில தலையிடிக்குது. கொழுந்து கிள்ளுற கைக்கு இது காணும்."

விசைகள் சத்தமில்லாமல் வழுக்கி இறங்கின. எழுத்து விழுந்ததா என்று தெரியாமல், அடித்தட்டு அதிரும்வரை ஜெசீகா ஓங்கிக் குத்தினாள். விசைகளில் இரத்தம் பரவியதை வாசலில் நின்ற றீட்டாதான் கண்டாள்; தங்கைக்கு வலிக்கவேயில்லை. ஜெசீகா தேறிவிட்டாள்.

சான்றிதழ் கொடுக்கும்போது சுலோஜனா மைப்பெட்டியை நீட்டினார். "பெருவிரலை வையும்."

தோட்டத்தில் எழுதத் தெரிந்தவர்களிடமும் கைநாட்டுத்தான் வாங்குவார்கள்.

"எனக்குப் பேரு எழுதத் தெரியுங்க, டீச்சர்."

ஜெசீகா முதன்முதலாகக் கையொப்பமிட்டது அன்றுதான், 2001 மார்ச் 14 அன்று.