செல்வியின் சிலிண்டர்

1. தேனிக் கல்லூரி ஆய்வகத்தில், மின்சாரம் சேமிக்கும் மின்முனைக்காக நான் தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கினேன்.
2. போடிக்காரி செல்வி இலவங்காய் ஓட்டைக் கரியாக்கினாள்.
3. அவளுடையதே அதிகம் சேமித்தது.
4. எனக்கு வயிறெரிந்தது.

ஆராய்ச்சிப் படிப்புக்கு ஒரே இடம்தான் இருந்தது. கடைசிச் சோதனையில், உலை தகிக்கும்போதே என் நைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்தது. உள்ளே காற்று புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். அவளிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆத்தா, மொறைக்கிறத அப்புறம் வச்சுக்க. என் சிலிண்டர இங்கன உருட்டு!" என்றாள் செல்வி.

"அப்ப உன் சோதனை?"

"வேற சிலிண்டர் கொண்டாந்தாகன்னா பாத்துக்கிறேன்."

என் கரி பிழைத்தது. ஆனாலும் அவளுடைய பழைய அளவையே என்னால் எட்ட முடியவில்லை. இடம் அவளுக்குக் கிடைத்தது. அவளைத் திட்டக்கூட இப்போது எனக்கு ஒரு காரணமும் இல்லை. நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.