பூட்டிய கை

விரலில் எச்சில் தொட்டு இஸ்திரிப்பெட்டியின் சூட்டைப் பார்க்கிறாள். 'உஸ்' என்றதும், "ஆமென்!" சட்டையை மடித்து வைத்தாலும் ஆமென்தான். சூப்பர்வைசர் திட்டி முடித்தாலும் ஆமென்தான். அங்கேதான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தையல் ஆலையில் அவளுக்குப் பெயரே ஆமென் அக்கா. நான் அங்கே மெஷின் பழுது பார்ப்பவன்.

ஞாயிறு ஆராதனையில் எல்லாரையும் முந்திக்கொண்டு பாடுவாள். "கர்த்தரு காத்துக்கிட்டிருக்காரு, இப்படி இழுத்தா எப்படி?" என்பாள்.

போன வாரம் சூப்பர்வைசர் பெண்கள் கழிப்பறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். (மரியாதை போட்டு எழுத மனம் வரவில்லை.) சாப்பாட்டு மணி அடித்தால்தான் திறப்பானாம். ஒண்ணுக்குப் போக ஒருவனிடம் கைகட்டி நிற்க வேண்டுமாம்! நேற்று, பட்டன் தைக்கும் நிறைமாதக்காரி அடக்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே நனைந்து அழுதாள். அவன் சிரித்தான்.

மாலை ஜெபக்கூட்டத்தில் அக்கா இதைச் சொன்னபோது, போதகர் அவளுக்குத்தான் புத்தி சொன்னார். "பொறுமையா இரும்மா. மறு கன்னத்தைக் காட்டுன்னுதானே வேதம் சொல்லுது?"

"காட்டத்தான் சொல்லுது ஐயா, ஓடி ஒளியவா சொல்லுது? காட்டணும்னா அவன் மூஞ்சிக்கு நேரா நிக்கணுமே."

இன்று காலை இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டுப் பூட்டிய கதவின் முன்னால் போய் நின்றாள். நான் சுத்தியலோடு ஓடினேன். "நகருக்கா, ஒரே போடு!"

"வேணாம் தம்பி. நீ ஒடைச்சா நாளைக்கு வேற பூட்டு வரும். பூட்டுன கையே தெறக்கணும்."

"அவனுக்கெல்லாம் உறைக்காதுக்கா."

"அவனும் ஒருத்தி பெத்த புள்ளதானே. உறைக்கும்."

அவன் வந்தான். "போய் வேலயப் பாரு. இல்லன்னா வீட்டுக்குப் போ!" வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவருக்கு இவள் சம்பளம்தான் கஞ்சியும் மருந்தும். அது அவனுக்கும் தெரியும். அவள் நகரவில்லை. கன்னத்தில் அறைந்தான், பாவி. விரல்கள் பதிந்துவிட்டன. அவள் மறு கன்னத்தைத் திருப்பிக்கொண்டு அப்படியே நின்றாள்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. முதலில் நிறைமாதக்காரி எழுந்துவந்து அவள் பின்னால் நின்றாள். பிறகு எல்லாரும்.

அவன் அந்த வரிசையைப் பார்த்தான். சாவியை அவள் காலடியில் வீசினான். "தெறந்து தொலை!"

குனிந்து எடுத்தாள். முந்தானை நுனியில் தூசி போகத் துடைத்தாள். அறைந்த கையைப் பிடித்து, விரல்களை விரித்து, அதிலேயே சாவியை வைத்தாள்.