டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் இளங்கோவன் இருபத்தொன்பது வருஷம் பெங்களூரில் பஸ் ஓட்டியவர். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் அவர் பேரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. டிரைவர் வீடு என்றால் சின்னக் குழந்தைகூடக் கையைக் காட்டும். கோபம் வராத மனுஷர். யாராவது ஆட்டோவைக் குறுக்கே நுழைத்தால்கூட, "போ ராஜா, உனக்குத்தான் அவசரம்" என்று வழி விடுவார். ஒன்றில் மட்டும் கறார். கண்டக்டர் வாய்விட்டு 'ரைட்' சொல்லாமல் வண்டியை ஓர் அங்குலம் நகர்த்த மாட்டார். விசில் மட்டும் அடித்தால் அவருக்குப் போதாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிரை அம்மன் திருப்பிக் கொடுத்தாள். கால் மெதுவாக வந்தது. இடது கை வரவில்லை. மடியில் போட்டால் மடியிலேயே கிடக்கும். பஸ் வேலை அதோடு போயிற்று. கோயிலுக்கும் வர மாட்டேன் என்றுவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. அவருக்கும் சேர்த்து நானே கும்பிட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் லீனா மேடம் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் பிசையச் சொன்னார்கள். இவர் அதைத் தொடவேயில்லை.

"பாஞ்சாலி அம்மா, அவருக்கு எது பிடிக்குமோ அதைச் செய்யச் சொல்லுங்க. ஆசையா செஞ்சாத்தான் கை வரும். என்ன பிடிக்கும் அவருக்கு?" என்று மேடம் கேட்டார்கள்.

"பஸ்ஸுதான் மேடம்" என்றேன். மேடம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை எங்கள் மகள் வீணாவிடம் சொன்னேன். அவள் ஆபீஸில் ஒதுக்கிப் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்தாள். கூடவே, மேஜையில் மாட்டிக்கொள்ளும் ஒரு ஸ்டியரிங்கும், டப்பாவில் ஒரு டிஸ்க்கும். கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு. எந்த நாட்டு ஊரோ தெரியவில்லை, சாலையில் ஒரு மாடுகூட இல்லை. ஆனால் டிப்போ இருந்தது, ஸ்டாப் இருந்தது, ஏறி இறங்க ஜனங்கள் இருந்தார்கள்.

முதல் நாள் வலது கையால் மட்டும் ஓட்டினார். வளைவில் வண்டி நடைபாதையில் ஏறி நின்றது. "சே, கேவலம்" என்று வலது கையால் இடது கையைத் தூக்கி ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் அந்தக் கை தானாக ஏறி உட்கார்ந்தது. ஆறு மாதத்தில் விரல்கள் மடங்கின. காலையில் குளித்துவிட்டு, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்து சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார்.

"பாஞ்சாலி, ரைட் சொல்லு."

நான் குழம்பைக் கிளறிக்கொண்டே "ரைட், ரைட்" என்பேன். வண்டி கிளம்பும்.

அந்த விளையாட்டில் ஒரு விஷயம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கை உள்ளே போட்டால்தான் திறக்கும். வீணா அலுத்துக்கொள்வாள். இவருக்கோ அது பிடித்திருந்தது.

"டிப்போல மட்டும் என்ன? வண்டி என் கண்ணு முன்னாலதான் நிக்கும். லாக் ஷீட்டுன்னு ஒரு சீட்டு வாங்காம கேட்டுல எடுக்க விடுவானா? இதுவும் அதேதான்."

டிஸ்க் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ராகேஷிடம் ஒரு காப்பி போடச் சொன்னோம். காப்பியைப் போட்டால், சரியான டிஸ்க்கைப் போடு என்று திரையில் இங்கிலீஷில் எழுத்து வந்து நின்றுவிட்டது.

"கண்ணுக்குத் தெரியாத ஒரு அடையாளம் அசல்ல இருக்குது அக்கா. காப்பி எடுத்தா அது மட்டும் வராது. திருட்டு டிஸ்க் போடறவங்களைப் பிடிக்க வச்சது. இந்தக் கேம் இப்ப எங்கேயும் விக்கிறதில்ல. பத்திரமா பாத்துக்கோங்க" என்றான் ராகேஷ்.

பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டேன். போன ஆயுத பூஜை வரைக்கும்.

டிப்போவில் ஆயுத பூஜை என்றால் சின்ன விஷயமா? வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து இவரே ஏற்றி நசுக்குவார். கை போன பிறகு அந்த நாளைப் பற்றிப் பேசவே விட மாட்டார். இந்தத் தடவை அவராகவே சொன்னார்: "என் வண்டிக்கும் பூஜை போடு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குச் சாமந்தி மாலை போட்டேன். கம்ப்யூட்டருக்கு விபூதி பூசினேன். டிஸ்க்கைத் தாம்பாளத்தில் வைத்தேன். ஒரு பக்கம் பஸ் படம் போட்டிருந்தது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. மறுபக்கம் கண்ணாடிபோல் பளபளவென்று இருந்தது. சாமிப் பாத்திரத்துக்குப் பளபளக்கிற பக்கத்தில்தானே பொட்டு வைப்போம், இதற்கும் இதுதான் முகம் என்று நினைத்து, நடு ஓட்டையைச் சுற்றி மூன்று சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். இவர் கை கூப்பினார். இடது கை மார்பு வரைக்கும் வந்து வலது கையைத் தொட்டது. இரண்டு வருஷத்தில் அவர் சாமியைக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் காலையில் பார்த்தால் சந்தனம் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. முந்தானையால் தட்டைத் துடைப்பதுபோலச் சுற்றிச் சுற்றித் துடைத்து டப்பாவில் போட்டேன்.

இவர் டிஸ்க்கைப் போட்டார். கம்ப்யூட்டர் கரகரவென்று இழுத்தது. அப்புறம் அந்த எழுத்து வந்தது. காப்பிக்கு வந்த அதே எழுத்து.

நாலைந்து தடவை எடுத்து எடுத்துப் போட்டார். "வயசாயிடுச்சு போல, என்னை மாதிரி" என்று எழுந்துபோனார்.

நான்தான் காரணம் என்று சொல்ல வாய் வரவில்லை. பூஜையால் கெட்டது என்று தெரிந்தால், இப்போதுதான் கூப்பிய கையை மறுபடி இறக்கிவிடுவாரோ என்று பயம். நான்கு நாள் காக்கிச் சட்டை ஆணியில் தொங்கியது. இடது கை மடியில் கிடந்தது. ஐந்தாம் நாள் காபி டம்ளரை இடது கையால் பிடிக்கப்போய் நழுவவிட்டார். முந்தின வாரம் அதே டம்ளரைப் பிடித்த கை. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ராகேஷைக் கூட்டி வந்தேன்.

அவன் போட்டுப் பார்த்தான். "படிக்க மாட்டேங்குது அண்ணா. ஆனா வேற வழி இருக்குது. நெட்ல ஒரு சின்ன ஃபைல் கிடைக்கும். அதைப் போட்டா கேம் டிஸ்க்கே கேக்காது. எல்லாரும் பண்றதுதான்."

"சாவி இல்லாம ஒயரை ஒட்டி வண்டியைக் கிளப்பற மாதிரியா?"

"அதே, அதே."

"அப்ப வேணாம்ப்பா. இத்தனை வருஷத்துல ஒரு நாளும் நான் அப்படி வண்டி எடுத்ததில்ல."

"அண்ணா, இது கேம்!"

"ஓட்டறது நான்தானே?"

ராகேஷ் தலையைச் சொறிந்துகொண்டு டப்பாவை மூடப்போனான். இனி மறைத்தால் அம்மனே மன்னிக்க மாட்டாள்.

"ராகேஷ், கொஞ்சம் இரு" என்றேன். "அதுக்கு நான் பொட்டு வச்சேன்."

"எங்க வச்சீங்க?"

"பளபளன்னு இருக்கற பக்கம்."

அவன் டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தான். ஓட்டையைச் சுற்றி மூடுபனிபோல மஞ்சள் படலம். "ஐயோ தேவரே!" என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டான். "அக்கா, அந்தப் பக்கத்தைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும். கண்ணுலயே சந்தனத்தை அப்பிட்டீங்களே!"

நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றேன்.

ராகேஷ் குழாயடியில் டிஸ்க்கை நனைத்து, துளி சோப்பு விட்டு, விரல் நுனியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக நீவினான். "சுத்திச் சுத்தித் துடைக்கக் கூடாதுக்கா, கீறல் விழும்" என்றான். மெல்லிய துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, நிழலில் சற்று வைத்தான். அந்தப் பத்து நிமிஷமும் நான் அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

டிஸ்க் உள்ளே போனது. கரகரவென்று இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. திரை கறுப்பானது.

டிப்போ கேட் திறந்தது.

ராகேஷ் கை தட்டினான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் என் பக்கம் திரும்பினார்.

"பொட்டாலதான்னு நாலு நாளா சொல்லாம வச்சிருந்தியா?"

"நீங்க சாமி மேல கோவிச்சுக்குவீங்கன்னு..."

"சாமி என்ன பண்ணும்? பஸ்ஸுக்கு உன்னைப் பொட்டு வைக்கச் சொல்லியிருந்தா ஹெட்லைட் மேல அப்பியிருப்பே." சொல்லிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "அடுத்த வருஷம் டப்பாவுக்கு வை. என்ன?"

"சரிங்க."

ஆணியிலிருந்த காக்கிச் சட்டையை ராகேஷ் எடுத்துக் கொடுத்தான். இவர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வலது கை ஸ்டியரிங்கைப் பிடித்தது. இடது கை மடியிலிருந்து மெதுவாக எழும்பி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வண்டி நகரவில்லை.

"என்ன அண்ணா, மறுபடி நின்னுடுச்சா?" என்று ராகேஷ் பதறினான்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர். "கண்டக்டர் அழுதுட்டு இருக்காங்க. அவங்க சொன்னாத்தானே எடுக்க முடியும்?"

"ரைட், ரைட்" என்றேன்.