வெல்லம் உறைந்த பகல்

விஜயபுரம் பக்கம் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த செங்கம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது வரை ஐஸ் என்றால் சைக்கிள்காரன் பெட்டியிலிருந்து வருகிற சமாச்சாரம், அவ்வளவுதான். எப்படிச் செய்கிறார்கள் என்று யோசித்ததே இல்லை. மழை எப்படிப் பெய்கிறது என்று யோசித்துக்கொண்டா நாற்று நடுகிறோம்?

புருஷன் கோவர்த்தனனோடு பிழைப்புத் தேடித் திருச்சானூருக்கு வந்து, ஒரு குல்பிக் கடையில் தகர அச்சு கழுவச் சேர்ந்த அன்றுதான் வாய் பிளந்தாள். டிரம்மில் நிறைத்த ஐஸ் தூளில் கல் உப்பைக் கொட்டினால் குளிர் இன்னும் ஏறுகிறது! நடுவில் நிற்கும் அச்சுக்குள் பால் கல்லாகிறது. சுற்றியிருக்கும் உப்புத் தண்ணீரோ தண்ணீராகவே கிடக்கிறது. இதைப் பார்த்துவிட்டு மனிதர்கள் எப்படித்தான் சும்மா செல்போனைத் தடவிக்கொண்டு போகிறார்களோ! அங்கே வேலை பார்த்த ஆறு வருஷமும் அவள் தினம் ஒரு தடவை அந்த டிரம்முக்குள் எட்டிப் பார்த்து அதிசயப்பட்டாள்.

இந்தப் பங்குனியில் சொந்தமாகத் தள்ளுவண்டி போட்டாள். வாங்கி விற்ற குச்சி ஐஸ் ஓடவில்லை. கோவர்த்தனன் கெடு வைத்துவிட்டான்.

"திருப்பதி கங்கம்மா ஜாத்திரை வரிக்கும் பாரு. அப்பவும் ஓடலன்னா வண்டிய வித்துட்டு, ஊர்ல போய் வேர்க்கல்ல புடுங்கிக்கினு கெடப்போம்."

சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினாள். பால் கிடையாது, மாம்பழக் கூழ், வெல்லம், தண்ணீர். ஜாத்திரைத் திருவிழாவன்று காலையில் கோயிலுக்குப் போகும் தெருவில் வண்டியை நிறுத்திக் கலவையைக் கரைத்தபோது, முதல் ஐஸ் அம்மனுக்கு என்பதால் வெல்லத்தில் கை சுருங்க மறுத்தது. அள்ளி அள்ளிப் போட்டாள். சாமி காரியத்தில் இனிப்பை யார் அளக்கிறார்கள்? வினை அங்கேதான் வந்தது. பதினொரு மணிக்கு அச்சைத் திறந்தால் கூழ். பன்னிரண்டுக்கும் அதே கூழ். தெரு நிறைய ஜனம் வந்துகொண்டிருந்தது.

கோவர்த்தனன் விரலை விட்டு நக்கிப் பார்த்தான். "பாகு மாரி கீதுமே. பாகு எங்கனா ஒறையுமா? தண்ணிய ஊத்து."

"அம்மனுக்குன்னு போட்ட வெல்லம் மாமா. தண்ணி கலக்க மாட்டேன்." அவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் யோசித்தாள். பால் உறையப் போதுமான குளிர் இந்த வெல்லத்துக்குப் போதவில்லை. அப்படியானால் குளிரைத்தான் ஏற்ற வேண்டும். "நீ ஓடிப் போய் ரெண்டு கட்டி ஐஸும் ஒரு மூட்ட கல் உப்பும் வாங்கிக்கினு வா."

முணுமுணுத்துக்கொண்டே போய் வாங்கி வந்தான். அவள் ஐஸை உடைத்து, ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு உப்பு என்று கழுத்துவரை நிரப்பி, டிரம்மைப் பிடித்து இடமும் வலமுமாகச் சுழற்றினாள். விரல்கள் நெருப்பில் வைத்ததுபோல் எரிந்தன. விடவில்லை. மேலே திருப்பதி வெயில் மண்டையைப் பிளக்கிறது. கீழே டிரம்மின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூக்கிறது. கோவர்த்தனன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டான். அவனும் வாய் பிளந்ததை அன்றுதான் அவள் பார்த்தாள்.

அச்சைத் தட்டினாள். மஞ்சளாக, முழுசாக, குச்சியோடு வந்தது ஐஸ். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அவளுக்கு. கோயில் திசையில் அதைத் தூக்கிக் காட்டிக் கும்பிட்டாள்.

அப்போது வேஷக்காரர் ஒருவர் வந்து நின்றார். முகமெல்லாம் வெள்ளை மண், இடுப்பில் வேப்பிலை. ஜாத்திரையில் வேஷம் போட்டவர் எதிரில் வருகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார். அந்தத் திட்டு வாங்கினால் நல்லது என்று ஜனம் காத்து நிற்கும். அவர் வாயைத் திறந்தார். செங்கம்மா ஐஸை நீட்டினாள். ஒரு கடி கடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"திட்டு சாமி. திட்டாம போனா ஆவாது."

"இரும்மா, துன்னு முடிச்சிக்கிறேன்."

சுற்றியிருந்த ஜனம் சிரித்துக்கொண்டே வண்டியை மொய்த்தது. மூன்று மணிக்கு டிரம்மில் உப்புத் தண்ணீர் மட்டும்தான் மிச்சம். கோவர்த்தனன் அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் காலி உப்பு மூட்டையை உதறி மடித்தான்.

"ஏமே," என்றான், "நாளிக்கு எத்தினி மூட்ட உப்பு?"